ஃபியட் 500-க்கு 126-இன் பிஸ்டன்கள்

இத்தாலியின் பலெர்மோவில் நான் ஓட்டும் பழைய ஃபியட் 500-இன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் 499.5 சிசி கொண்டது. சிலிண்டர் விட்டம் 67.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 70 மி.மீ. பின்னால் வந்த ஃபியட் 126-இல் ஸ்ட்ரோக் அப்படியே இருக்க, விட்டம் 73.5 மி.மீ. ஆனதால் 594 சிசி கிடைத்தது. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றாமலேயே கொள்ளளவை ஏறத்தாழ 19 சதவீதம் கூட்டலாம் என்பதே என்னை ஈர்த்தது.

காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் சிலிண்டர்கள் தனியாகவே கழன்று வரும்; ஆகவே 126-இன் பிஸ்டன்களைச் சிலிண்டர்களோடு சேர்த்தே வாங்கினேன். ஆனால், பெரிய சிலிண்டரின் அடிக்கழுத்து பழைய கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிக்கூடு) வாயில் நுழையாது என்பதால், அந்த வாயைப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து அகலப்படுத்தினேன். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டிலும் எரியறையின் விளிம்பைப் புதிய விட்டத்துக்கு ஏற்பத் திருத்தச் செய்தேன். கடைந்தபின் எண்ணெய் வழிகளில் ஒட்டியிருந்த அலுமினியத் தூளை, மண்ணெண்ணெய் ஊற்றி, தூரிகையால் தேய்த்து, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறை படியாமல் போகும்வரை துடைத்தேன். இந்த வேலையில் அவசரம் கூடவே கூடாது. ஒரு துகள் மிஞ்சினாலும் பேரிங் போய்விடும்.

இரு பிஸ்டன்களின் எடையையும் ஒப்பிட்டு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் வெட்டு இடைவெளிகள் ஒரே நேர்கோட்டில் வராதபடி திருப்பி மாட்டினேன். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பழைய வெபர் 26 கார்புரேட்டருக்குப் பதிலாக 126-இன் பெரிய வெபர் 28-ஐப் பொருத்தினேன்.

கியர்களின் வேகத்தைத் தானே ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ் என்பதால், மேடுகளில் கியர் குறைப்பது எப்போதும் சிரமம். இப்போது மோந்தே பெல்லெக்ரினோ மலை ஏற்றத்தில் முன்பு இரண்டாம் கியர் கேட்ட இடங்களை மூன்றிலேயே கடக்கிறது.