காலையில் தரையில் கால் வைக்கும் முன்: குதிகால் வலிக்கு ஒரு செய்முறை

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்து அடி நடந்தால் வலி குறைந்துவிடும். அதனாலேயே பல மாதம் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்து, நாள் முழுக்க நின்றால் திரும்பவும் வருகிறதா? பெரும்பாலும் அது பிளான்டார் ஃபேசியா கோளாறுதான். பிளான்டார் ஃபேசியா என்பது குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை. பாதத்தின் வளைவை வில்லுக்கு நாண் போலத் தாங்குகிறது. ஓயாமல் நிற்பதாலும், மேடு பள்ளத்தில் நடப்பதாலும், கெண்டைக்கால் தசை இறுகிப்போவதாலும் அந்தப் பட்டை எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று சொன்னால் பயப்பட வேண்டாம். அப்படி வளர்ந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம்.

முதலில், கட்டிலிலேயே. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். இறங்கும் முன் வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போடுங்கள். விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மெதுவாக இழுங்கள். உள்ளங்காலில் நாண் போல ஒன்று விறைத்து நிற்பது மறு கையால் தொட்டால் தெரியும். பத்து எண்ணிவிட்டு விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

அடுத்து, சுவர். கைகளைச் சுவரில் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். 30 விநாடி, மூன்று முறை.

இரண்டு வாரம் பழகிய பிறகு, படிக்கட்டு. துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, முன்பாதத்தால் படி விளிம்பில் நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணிக் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணி அப்படியே நின்று, மூன்று எண்ணி இறக்க வேண்டும். முதலில் இரண்டு காலாலும், அப்புறம் ஒற்றைக் காலால். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நார் பலப்படுவது இதில்தான்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை மாற்றிவிட்டு, குதிகால் மெத்தென்று இருக்கும் செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். மாலையில் ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி, பாதத்துக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டினால் இதமாக இருக்கும்.

செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை போட்டு மிதிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இளஞ்சூட்டில் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். பாதம் மரத்திருந்தால் சுடுவதே தெரியாது, புண்ணாகிவிடும். ஐஸும் அவர்களுக்கு வேண்டாம்.

ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள். அம்மாவுக்கு நான்கு மாதம் ஆனது. சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அவசரப்பட்டு ஊசி போட்டுக்கொள்ளும் முன் மருத்துவரிடம் நன்றாகக் கேளுங்கள்: ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரம் குறைக்கும், ஆனால் அரிதாக அந்த நாரே அறுந்துபோவதும் உண்டு.

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், மரத்துப்போதல், படுத்திருக்கும்போதும் விடாத வலி, விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.