சகோதர நகரம் இருக்கிறது, சரி; நம் தாமானுக்கு, அதாவது நம் குடியிருப்புக்கு, நிழல் வருவது எப்படி?

பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்குச் சகோதர நகரங்களுக்கு, அதாவது நட்பு ஒப்பந்தம் செய்துகொண்ட வெளிநாட்டு நகரங்களுக்கு, குறைவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டோடு 1973லிருந்து உறவு, அப்புறம் இந்தோனேசியாவின் மேடான், சீனாவின் சியாமென். இப்படிப்பட்ட உறவுகள் எந்த ஊரிலும் விருந்து, நினைவுப் பரிசு, குழுப்படம் என்று நின்றுவிடத்தான் பார்க்கும். அதில் நம் லோரோங்குக்கு (சந்துக்கு) ஒரு மரமாவது, மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் ஒரு மழைநீர்ப் பள்ளமாவது கிடைக்க வேண்டுமென்றால், குடியிருப்பாளர் சங்கமோ தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் நிர்வாகமோ கீழேயிருந்து தள்ள வேண்டும்.

முதலில் பிரச்சினையைச் சின்னதாக்குங்கள். "பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள" என்று ஆரம்பிக்கும் கடிதம் கோப்புக்குள் போய்த் தூங்கிவிடும். வெயிலா, வெள்ளமா என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு தெருவைக் காட்டுங்கள். வெள்ளம் என்றால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும்: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, லோங்காங் (வடிகால்) நிரம்பி வழிகிறதா அல்லது அதன் வாய் அடைத்திருப்பதால் தண்ணீர் உள்ளேயே போகவில்லையா, மழை விட்ட பிறகு எவ்வளவு நேரம் தேங்குகிறது. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சக்கரம் தெரியட்டும், ஆழம் தானாகப் புரியும். வெயில் என்றால் மதியம் இரண்டு மணிக்குத் தார்ச்சாலையின் சூட்டையும் மர நிழலில் உள்ள தரையின் சூட்டையும் அளந்து எழுதுங்கள். கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது, அது உடல் சூட்டுக்கு மேல் அளக்காது. பட்டறையில் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி வேண்டும். அது காட்டுவது தரையின் சூடு, காற்றின் சூடு இல்லை என்பதையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் யாராவது அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது எந்த நகரத்திடம் கேட்பது. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று போகாதீர்கள், மழையும் மண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சியாமென் கடலோர ஊர், கனமழைக்குப் பழகிய ஊர், மழைநீரை நகரமே பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ள 2015இல் சீனா தொடங்கிய 'பஞ்சு நகர'த் திட்டத்தின் முதல் வரிசையிலேயே இடம்பெற்றது. தேங்கும் தண்ணீருக்கு அங்கே கேட்கலாம். அடிலெய்டில் கோடை வறண்டு கிடக்கும், மழை குளிர்காலத்தில்தான். அவர்கள் மரத்துக்குத் தண்ணீர் சேமிக்கும் வித்தை ஆண்டு முழுக்க நனையும் பினாங்குக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் நகரத்தைச் சுற்றியிருக்கும் பூங்கா நிலத்தை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். என்னைக் கேட்டால் மேடான்தான் கைக்கு அடக்கம். நீரிணைக்கு அந்தப் பக்கம், அதே புழுக்கம், கிட்டத்தட்ட அதே மழை, பேச்சும் மலாயில் ஓடிவிடும்.

பணத்துக்கு வருவோம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியது யாருக்கும் மறந்திருக்காது. இயற்கை வழியில் வெயிலையும் வெள்ளத்தையும் சமாளிக்கும் ஒரு திட்டத்துக்கு, ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் தகவமைப்பு நிதியம் 2021இல் பினாங்குக்கு 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. ஐ.நா.வின் நகர, குடியிருப்பு அமைப்பான யுஎன்-ஹாபிடாட் வழியாக வரும் பணம், களத்தில் நகரச் சீரமைப்பு நிறுவனமான திங்க் சிட்டியும் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் வடிகால் நீர்ப்பாசனத் துறையும் வேலை செய்கின்றன, இடங்கள் ஜார்ஜ்டவுனும் பாயான் லெப்பாஸும். இப்படிப்பட்ட நிதியத்திடம் ஒரு தாமான் சங்கம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஏற்கெனவே ஓடும் திட்டத்தில் உங்கள் தெருவை ஏற்றச் சொல்வதுதான் வழி. நம் ஊரில் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அதனால் கடிதத்தைக் கவுன்சிலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் சேர்த்தே கொடுங்கள். மலாயில், ஒரே பக்கத்தில், படத்தோடு. வெள்ளப் பிரச்சினை என்றால் 'மஸ்மா' கையேட்டைக் குறிப்பிடுங்கள், அது வடிகால் துறையின் சொந்த மழைநீர்க் கையேடு, பொறியாளர் தட்டிக்கழிக்கச் சிரமப்படுவார்.

புதுக் கன்று கேட்பதற்கு முன் இருக்கிற மரத்தை எண்ணுங்கள். நகர, கிராமத் திட்டமிடல் சட்டமான 172ஆம் சட்டப்படி, அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. தையல்காரர் நாடா ஒன்று போதும், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை விட்டே அளந்துவிடலாம். நடுகிற இடம் யாருடைய நிலம், மேலே மின்கம்பி போகிறதா, கீழே தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தைப்பூச ரதம் போகும் சாலையில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு நிழல் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான், ஆனால் அங்கே கிளை தாழ்ந்து படரும் மரம் கேட்டால் ஒவ்வொரு ஆண்டும் ரதத்துக்காக வெட்டிவிட்டுப் போவார்கள்.

எதிர்ப்பு வரும். இலை விழுந்து லோங்காங் அடைக்கும், பாம்பு வரும், கார் நிறுத்த இடம் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரியது கொசு, அது வீண் பயமும் இல்லை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரமாவது ஆகும். ஒழுங்காகக் கட்டிய மழைநீர்ப் பள்ளம் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். அடைத்துக்கொண்டால்தான் வம்பு. ஆகவே "கொசு வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள், யார் எப்போது சுத்தம் செய்வது என்று எழுதிக் காட்டுங்கள். கார் விஷயத்தில் சமாதானம் சொல்லிப் பயனில்லை, இரண்டு இடம் போகும் என்றால் போகும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பராமரிப்புதான் எல்லாத் திட்டமும் சறுக்கும் இடம். கொலம்பியாவின் மெடெயின் நகரம் பசுமைப் பாதைகள் அமைத்தபோது, வசதியில்லாத மக்களுக்கே பயிற்சி கொடுத்து நகரத் தோட்டக்காரர்களாக வேலைக்கு வைத்தது. கூட்டாளி நகரத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது அப்படி ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி நம் மாநகர் மன்றத்தை நச்சரியுங்கள்: முதல் மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றுவது யார், எந்தக் கணக்கிலிருந்து.

வெளிநாட்டுக் குழு வந்தால் மண்டபத்தில் உட்கார வைக்காமல் மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தெருவுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வைத்து, உங்கள் ஊரில் எது சொதப்பியது, எந்த மரம் பட்டுப்போனது, தண்ணீரை உள்ளே விடும் எந்தத் தளக்கல் அடைத்துக்கொண்டது என்று கேளுங்கள். வர முடியாவிட்டால் காணொளி அழைப்பு போதும், அதிலும் மேயர் வேண்டாம், பராமரிப்பு மேற்பார்வையாளரைக் கேளுங்கள். சியாமெனுக்கும் நமக்கும் ஒரே நேரம், மேடான் ஒரு மணி நேரம் பின்னால், ஆகவே நம் நேரம் காலை பத்தரை என்றால் இரண்டு ஊருக்கும் சரியாக வரும்.