ஐகியூ டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போகும் முன்னால்

எங்கள் அம்மாப்பேட்டைத் தெருவிலேயே இந்த மாதம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், பிள்ளைக்கு ஐகியூ, அதாவது அறிவுத்திறன் அளவு, பார்க்கலாமா என்று. பார்க்கலாம், ஆனால் கையில் ஒரு கேள்வியோடு போங்கள். வகுப்பில் பாடம் போதாமல் சலித்து உட்கார்ந்திருக்கிறாளா, கணக்கில் பறக்கிறவன் வாசிப்பில் ஏன் திணறுகிறான், இப்படி ஏதாவது. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளத்தான் என்றால் அந்தக் காசுக்கு ஏற்காடு போய்விட்டு வாருங்கள்.

போன் பண்ணும்போதே எந்த டெஸ்ட், எந்த மொழியில், மார்க்கை ஒப்பிட்டுப் பார்க்கிற அதன் அளவுகோல் எப்போது, எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துப் போட்டது என்று கேளுங்கள். அளவுகோல் பழசானால் மார்க் ஏறித்தான் வரும். என் பெண்ணுக்கு ஏழு வயதில் ஆங்கிலத்திலேயே கேட்டார்கள், வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிறவள், பாதிக் கேள்விக்கு வாயே திறக்கவில்லை, அதற்கும் ஒரு எண் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்! விடுபட்ட படத்துண்டைக் கண்டுபிடிக்கிற ரேவன்ஸ் மாதிரி டெஸ்ட்டில் மொழித் தொல்லை குறைவு. ஆனால் அதே டெஸ்ட்டைச் சீக்கிரமே திரும்ப எழுதினால் பழக்கத்திலேயே மார்க் கூடும், அதனால் வீட்டில் பயிற்சி கொடுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் 100 என்பது சராசரி, 130-ஐத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம். 128-க்கும் 131-க்கும் நடுவில் கோடு போடுவது அபத்தம்; ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, எதிலிருந்து எதுவரை என்ற வீச்சையும் பகுதிவாரி மார்க்கையும் கேட்டு வாங்குங்கள். 1921-இல் அமெரிக்காவில் டெர்மன் என்ற உளவியலாளர் ஐகியூ டெஸ்ட் வைத்து மேதைப் பிள்ளைகளைத் தேடியபோது ஷாக்லி, அல்வாரெஸ் என்ற இரண்டு பையன்கள் டெஸ்ட் எழுதித் தேறவில்லை. பின்னால் இருவருக்குமே இயற்பியல் நோபல் கிடைத்தது.

இதைச் சொல்லி டெஸ்டே கூடாது என்கிறவர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. ப்ளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில், ஆசிரியரும் பெற்றோரும் கைகாட்டிய பிள்ளைகள் என்றில்லாமல் இரண்டாம் வகுப்பு முழுவதற்கும், திறமைசாலிப் பிள்ளைகளுக்கான சிறப்புத் திட்டத்துக்கு முதல்கட்டத் தேர்வு வைத்தபோது, அதுவரை யார் கண்ணிலும் படாத ஏழைப் பிள்ளைகள் நிறையப் பேர் தேறினார்கள். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் படிக்கிற பிள்ளையைக் கைகாட்ட யார் இருக்கிறார்கள்? அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ எட்டாவது என்றால் என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு பற்றித் தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். மனத்திறன் தாளும் அதில் உண்டு, தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து வருடம் 12,000 ரூபாய்.

அப்புறம், டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணையும் காதையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.