அமெரிக்க மருத்துவமனையில் யூனியன் படிவத்தை நீட்டினால்: புதிதாக வரும் நர்சுகளுக்கு

அமெரிக்காவுக்கு வரும் நம் ஊர் நர்சுகள் வீட்டு வாடகையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, யூனியனில் சேரத்தான் வேண்டுமா? சேராவிட்டால் வேலை போய்விடுமா?" நான் மிச்சிகனில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். யூனியன் உறுப்பினர், ஆனால் வக்கீல் அல்ல. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். முதலாளி யார், மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்ற இரண்டும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

முதலாளியை முதலில் பாருங்கள். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடத்தும் மருத்துவமனை, மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் நீங்கள் அரசு ஊழியர். யூனியனுக்குப் பணம் கட்டும்படி அரசு ஊழியர் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2018 ஜூனில் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எந்த மாநிலமானாலும் இதுதான் விதி. முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனைகளிலும் சந்தா அவரவர் விருப்பம். அங்கே வேலைநிறுத்தத்துக்குத் தடையும் உண்டு.

தனியார் மருத்துவமனை என்றால் மாநிலத்தைப் பாருங்கள். 26 மாநிலங்களில் 'ரைட் டு ஒர்க்' சட்டம் இருக்கிறது. டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா, டென்னசி, இந்தியானா எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அங்கே யூனியன் இருந்தாலும் ஒரு டாலர்கூடக் கட்டாமல் வேலை பார்க்கலாம். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இலினாய் போன்ற இடங்களில், பணம் கட்டுவது கட்டாயம் என்று யூனியனும் நிர்வாகமும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும். பட்டியல் மாறும் என்பதால் பழைய தகவலை வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். எங்கள் மிச்சிகனிலேயே 2012 டிசம்பரில் கவர்னர் ஸ்னைடர் கையெழுத்திட்ட ரைட் டு ஒர்க் சட்டத்தை 2023இல் கவர்னர் விட்மர் நீக்கினார். அந்த நீக்கம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மிசௌரியில் சட்டமன்றம் கொண்டுவந்த இதே மாதிரிச் சட்டத்தை 2018 ஆகஸ்டில் மக்களே வாக்களித்துத் தூக்கி எறிந்தார்கள்.

இந்தச் சட்டம் உங்கள் வேலையைக் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், ரைட் டு ஒர்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காரணம் சொல்லாமலே வேலையை விட்டு அனுப்ப முதலாளிக்கு அதிகாரம் உண்டு. அதற்குக் கடிவாளம் போடுவது யூனியன் ஒப்பந்தத்தில் இருக்கும் 'தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது' என்ற பிரிவுதான்.

சண்டை எங்கே தொடங்குகிறது

என் அப்பா வேலை பார்த்த அம்பத்தூர் தொழிற்சாலையின் வாசலில் மூன்று கொடிகள் பறந்தன. செங்கொடிக்காரர் செங்கொடிக்குச் சந்தா கட்டுவார், மற்றவர் மற்றதற்கு, எதற்கும் கட்டாதவரும் உண்டு. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் இவர்களுடைய தகராறே புரியாது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பான்மையினர் தேர்ந்தெடுத்த ஒரே யூனியன்தான் அந்தப் பிரிவிலுள்ள எல்லோருக்காகவும் பேசும். எதிர்த்து வாக்களித்தவருக்கும் அதுவே பிரதிநிதி. சந்தா கட்டாதவரின் புகாரையும் அது பாரபட்சமில்லாமல் எடுத்து நடத்த வேண்டும்.

யூனியன்காரர் கேட்கிறார்: ஊதிய உயர்வையும் வாங்கிக்கொண்டு, மெமோ வந்தால் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு, காசு மட்டும் கொடுக்க மாட்டேன் என்றால் எப்படி? மறுதரப்பு கேட்கிறது: நான் கேட்காத ஆள் எனக்காகப் பேசிவிட்டு என்னிடமே கூலி வாங்குவதா? 1947இல் அதிபர் ட்ரூமனின் வீட்டோவை (ஒப்புதல் மறுப்பை) மீறி நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இந்த முடிவை மாநிலங்களிடம் தள்ளிவிட்டது. அன்று முதல் மாநிலம் மாநிலமாக இழுபறி.

என் கருத்தைக் கேட்டால், எல்லோருக்காகவும் உழைக்க வேண்டும் என்ற கடமையை யூனியன் தலையில் கட்டிவிட்டு, கூலி கேட்கும் உரிமையை மட்டும் பறிப்பது நியாயமில்லை. ஆனால் சந்தா எப்படியும் வந்துவிடும் என்று தெரிந்த யூனியன் ஆபீசில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. அதையும் பார்த்திருக்கிறேன்.

சம்பள ஒப்பீடுகளைக் காட்டி இரு தரப்பும் உங்களை மயக்கும். ரைட் டு ஒர்க் மாநிலங்கள் பலவற்றில் சம்பளம் குறைவு, வாடகையும் குறைவு. எது எதனால் என்று பிரிப்பது பொருளாதார நிபுணர்களுக்கே தலைவலி. நமக்கு அதைவிட முக்கியமானது ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளிகள் என்பது. கலிபோர்னியாவில் நர்ஸ் சங்கம் பல ஆண்டுகள் போராடி 1999இல் அதைச் சட்டமாக்க வைத்தது. அங்கே ஐசியூவில் ஒருவருக்கு இருவர், பொது வார்டில் ஐவர்தான் உச்சவரம்பு. எட்டு நோயாளிகளோடு இரவெல்லாம் ஓடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அனுபவ ஆண்டுகளை வைத்துச் சம்பளப் படி எப்படிக் கணக்கிடப்படுகிறது, இந்தியாவில் வேலை பார்த்த ஆண்டுகள் அதில் சேருமா என்று முதலில் தேடுங்கள். சந்தாவைப் போல் பல மடங்கு பணம் அந்த ஒரு வரியில் போகலாம், வரலாம். அடுத்து, கட்டாய ஓவர்டைம் உண்டா, வேறு வார்டுக்கு மாற்றி அனுப்ப வரம்பு உண்டா, நோயாளிகள் குறைந்த நாளில் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பும்போது முதலில் யாரை அனுப்புவார்கள் என்று பாருங்கள். ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் என்றால், இந்தப் புத்தகம் உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பொருந்தாது.

யூனியனின் கணக்கையும் பாருங்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் துறை யூனியன்கள் ஆண்டுதோறும் மத்திய தொழிலாளர் துறைக்குக் கணக்கு கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். பெரிய யூனியன் என்றால் நிர்வாகிகளின் சம்பளம்கூட அதில் இருக்கும்.

சந்தா கட்டாயமான தனியார் மருத்துவமனையிலும் முழு உறுப்பினராக வேண்டிய கட்டாயம் இல்லை. 1988ஆம் ஆண்டு பெக் தீர்ப்பின்படி, உறுப்பினர் அல்லாதவர் ஆட்சேபக் கடிதம் கொடுத்தால், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், புகார் நடத்துதல் ஆகியவற்றுக்கான பங்கை மட்டும் கட்டினால் போதும். அரசியல் செலவு கழிந்துவிடும். ஆனால் உறுப்பினர் அல்லாதவருக்கு ஒப்பந்தத்தை ஏற்பதா என்ற வாக்கெடுப்பில் பொதுவாக வாக்கு கிடையாது. எனக்கு அந்த வாக்கு வேண்டும், அதனால் முழுச் சந்தா கட்டுகிறேன்.

சார்ஜ் நர்ஸ் பதவி, அதாவது ஷிப்டில் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் பதவி, தருகிறேன் என்றால் யோசியுங்கள். 2006இல் எங்கள் மிச்சிகனைச் சேர்ந்த ஓக்வுட் வழக்கில், நிரந்தர சார்ஜ் நர்சுகள் மேற்பார்வையாளர்கள் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் முடிவு செய்தது. மேற்பார்வையாளருக்கு யூனியன் பாதுகாப்பு இல்லை.

யூனியனே இல்லாத இடம் என்றால், 30 சதவீத ஊழியர்கள் யூனியன் வேண்டும் என்ற அட்டையில் கையெழுத்திட்டால் வாரியம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். ரைட் டு ஒர்க் மாநிலத்தில் இது நடக்காது என்று யாராவது சொன்னால், வட கரோலினாவின் ஆஷ்வில் நகரைச் சொல்லுங்கள். அங்கே மிஷன் மருத்துவமனையின் நர்சுகள் 2020 செப்டம்பரில் வாக்களித்து யூனியன் அமைத்தார்கள்.

வேலைநிறுத்தம் என்றால் மருத்துவமனைக்கு 10 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சம்பளத்துக்காக நடக்கும் வேலைநிறுத்தத்தில் உங்கள் இடத்துக்கு நிரந்தரமாகவே வேறு ஆளை எடுக்க முதலாளிக்கு உரிமை உண்டு. நம் ஊர்க்காரர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

மேலாளர் விசாரணைக்கு அழைத்தால், "இது நடவடிக்கையில் முடியுமா? அப்படியானால் யூனியன் பிரதிநிதி வந்த பிறகு பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். 1975 முதல் இது உரிமை. யூனியன் உள்ள இடத்தில் சந்தா கட்டாதவருக்கும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். அவர்களாக நினைவூட்ட மாட்டார்கள்.

கடைசியாக, வேலையில் சேரும் முதல் நாளில் தரும் படிவம். உறுப்பினராகச் சேர்வது, சம்பளத்தில் பிடிக்கச் சம்மதிப்பது, அரசியல் நிதிக்குப் பணம் தருவது என்று மூன்று வேறு விஷயங்களுக்கு அடுத்தடுத்துக் கையெழுத்து கேட்பார்கள். மூன்றாவது எங்குமே கட்டாயமில்லை. இரண்டாவதை விலக்கிக்கொள்ள ஆண்டுக்குச் சில நாட்கள்தான் தருவார்கள், தேதி பொடி எழுத்தில் இருக்கும். படிவத்தைப் படம் எடுத்துக்கொண்டு அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.