மியூசியம் லிஸ்ட்டை ஒருவழியா தேத்துன கதை

விக்கிபீடியால லோக்கல் மியூசியம் லிஸ்ட் ஒண்ணு எழுதி, பக்காவா இருக்குன்னு நெனச்சு பியர் ரிவ்யூக்கு (மத்த எடிட்டர்ங்க படிச்சு குறை சொல்ற இடம்) போட்டேன். வந்த முதல் கமெண்ட்டே "எதை மியூசியம்னு எடுத்துக்கிட்டீங்க?"ன்னு தான். சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா கேள்வி நியாயம், ஏன்னா நான் ஆர்ட் கேலரி, பழைய பங்களா, வெப்சைட்ல மட்டும் இருக்குறதுன்னு கிடைச்சதை எல்லாம் உள்ள தள்ளி வெச்சிருந்தேன்.

அப்புறம் ஐகாம்ங்கிற சர்வதேச மியூசியம் கவுன்சில் 2022ல பிராக்ல ஏத்துக்கிட்ட வரையறையை எடுத்துப் பாத்தேன், நிரந்தரமா இருக்கணும், லாப நோக்கம் இருக்கக்கூடாது, பொதுமக்களுக்கு திறந்திருக்கணும். லாபத்துக்கு நடத்துறதையும் சேக்கணும்னு எனக்குத் தோணுச்சு, அதனால அப்படியே காப்பி அடிக்காம எதைச் சேத்தேன் எதை விட்டேன்னு அறிமுகத்துலயே எழுதிட்டேன். மூடிப்போனதுக்கு தனி டேபிள், அழிக்கல.

ரொம்ப படுத்துனது டேபிள்ல வருஷம் போட்டிருந்த நெடுவரிசை தான். ஒரு இடத்துல 1926, இன்னொண்ணுல "சுமார் 1930", சிலதுல கோடு மட்டும், வரிசைப்படுத்துற சார்ட் பட்டனை அமுக்குனா வரிசை கன்னாபின்னான்னு வருது. ஒவ்வொரு செல்லுலயும் டேட்டா-சார்ட்-வேல்யூன்னு, வரிசைப்படுத்த மட்டும் பயன்படுற வெறும் நம்பரை குடுத்ததும் சரியாச்சு, அதுக்கே ரெண்டு ராத்திரி போச்சு.

திரைல இருக்குறதை வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர்ல கேக்குறவங்களுக்காக, தலைப்பு செல்லுங்களுக்கு ஸ்கோப் (அது எந்த செல்லுங்களுக்கான தலைப்புன்னு சொல்ற குறி), படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரி) போடச் சொன்னாங்க, போட்டேன். குறிப்பு நெடுவரிசைல "அருமையான", "பார்க்க வேண்டிய"ன்னு நான் எழுதினதை எல்லாம் தூக்கச் சொன்னாங்க (படிச்சா எனக்கே டூரிஸ்ட் நோட்டீஸ் மாதிரி தான் இருந்துச்சு). செத்துப்போன லிங்க்குக்கு பழைய வெப் பக்கங்களை சேமிச்சு வெக்கிற வேபேக் மெஷின்ல இருந்து காப்பி வெச்சாச்சு. ஒரு மியூசியத்துக்கு மட்டும் அதோட சொந்த வெப்சைட்டை விட்டா வேற சோர்ஸே சிக்கல, இன்னும் தேடிட்டு இருக்கேன்.