ஜவ்வாதுமலைச் சந்தன மரத்தைப் பெயர்த்துக் கிடங்குக்கு அனுப்பும் முறை

பட்டா நிலத்து மரமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கோடாரியே எடுக்கக் கூடாது. மர எண், சுற்றளவு, உயரம் எல்லாம் முதலில் பதிவாக வேண்டும்.

சந்தனத்தை வேரை விட்டுவிட்டுத் தரைமட்டத்தில் வெட்டுவது பெரிய நஷ்டம். அடித்தூரிலும் வேரிலும்தான் எண்ணெய் அதிகம். அதனால் தூரைச் சுற்றி மூன்றடி தள்ளிப் பள்ளம் தோண்டுங்கள். பக்கவேர்களை விரல் கனம் வரும்வரை தொடர்ந்து போய் அறுக்க வேண்டும். இது அக்கம்பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சும் மரம், ஆகவே வேர் வெகுதூரம் ஓடியிருக்கும். கடப்பாரையால் நெம்பினால் வேர் பிளந்து துண்டு மண்ணிலேயே தங்கிவிடும். மரம் சாய வேண்டிய பக்கம் கயிறு கட்டி இழுங்கள்.

விழுந்ததும் சுமார் மூன்றடித் துண்டுகளாக வாளால் அறுக்கவும். கோடாரி போட்டால் வைரம், அதாவது வாசமுள்ள நடுக்கட்டை, சிராய்களாகப் போகும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு வெண்மையாக, வாசமின்றி இருக்கும். கரையானைக் கூப்பிடுவது அதுதான். அதை வாய்ச்சி என்ற செதுக்குக் கருவியால் செதுக்குங்கள், ஆனால் காட்டிலேயே முழுதும் சீவ வேண்டாம். மெல்லிய வெளிறு மிச்சமிருக்கட்டும், கடைசிச் சீவல் கிடங்கில்.

ஒவ்வொரு துண்டிலும் மர எண், துண்டு எண் இரண்டையும் எழுதி, எடை போட்டு, பட்டியலும் வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டும் வண்டியோடு போக வேண்டும். வனத்துறையின் திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கில் கட்டை காயக் காய எடை குறையும். முதல் எடைப் பட்டியல் இல்லையென்றால் அந்தக் குறைவைத் திருட்டு என்றே நினைப்பார்கள். வெயிலில் போடாதீர்கள், முனை வெடிக்கும். நிழலில், தரையைத் தொடாமல் அடுக்குங்கள்.