கிருஷ்ண ஜயந்தி: தேதி முதல் சீடை வரை வழக்கமாக நேரும் தவறுகள்

காலண்டரில் சிவப்பு மையில் அச்சான தேதியை மட்டும் பார்த்துப் பண்டிகை நாளை முடிவு செய்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. சிவன், விஷ்ணு என்று எல்லாத் தெய்வங்களையும் வழிபடும் ஸ்மார்த்தர்கள் பார்ப்பது தேய்பிறை அஷ்டமியை, அதுவும் நள்ளிரவில் அந்தத் திதி இருக்கும் நாளை. அவர்களுக்கு அது கோகுலாஷ்டமி. வைணவர்கள் ஆவணி மாதத்து ரோகிணி நட்சத்திரத்துக்கு முதலிடம் தருகிறார்கள், அவர்களுக்கு ஸ்ரீஜயந்தி. அவர்களுக்குள்ளும் பாஞ்சராத்திரம், வைகானசம் என்ற ஆகம முறைகள், முனித்ரயம் என்ற ஆசாரியப் பரம்பரை என்று கணக்கு பிரியும். பெரும்பாலும் இவை அடுத்தடுத்த நாட்களில் வந்துவிடும். சில வருஷம் ஒரு மாதமே தள்ளிப்போகும். 2025-ல் அரசு விடுமுறை ஆகஸ்டு 16. அன்று ஆடி முடிந்திருக்கவில்லை, ஆவணி மறுநாள்தான் பிறந்தது. ஸ்ரீஜயந்தி அதனால் செப்டம்பருக்குப் போயிற்று. பிறந்த வீட்டில் ஒரு வழக்கம், புகுந்த வீட்டில் இன்னொன்று என்றால் ஏதாவது ஒன்றை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குப்படி விரதம் இருந்து, இன்னொரு கணக்குப்படி பூஜை செய்வது எதிலும் சேராது.

காலையிலேயே நைவேத்தியம் செய்து மத்தியானத்துக்குள் முடித்துவிடுவதும் சரியல்ல. கண்ணன் பிறந்தது நள்ளிரவில். தேய்பிறை அஷ்டமிச் சந்திரன் உதிப்பதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். சந்திரனுக்கு அர்க்கியம், அதாவது நீர் விடுகிற வீடுகளில் அதற்காகக் காத்திருப்பார்கள். குழந்தைகளால் அவ்வளவு நேரம் விழித்திருக்க முடியாது என்றால் மாலை விளக்கேற்றிய பிறகாவது பூஜையை வைத்துக்கொள்ளுங்கள். துளசியைக் காலையிலேயே பறித்து வைத்துவிட வேண்டும், மாலையில் பறிப்பதில்லை.

பாதக் கோலத்தில் திசைதான் முக்கியம். குழந்தை வாசலிலிருந்து பூஜையறைக்கு நடந்து வருவதாகப் பாவனை. ஆகவே விரல்கள் வீட்டுக்குள் பார்க்க வேண்டும். வாசலில் தொடங்கிப் பின்னால் நகர்ந்தபடியே போடுகிறவர்களுக்கு விரல்கள் வெளியே திரும்பிவிடும், குழந்தை வீட்டைவிட்டுப் போவதுபோல் ஆகிவிடும். பூஜையறையைப் பார்த்தபடி அங்கிருந்து வாசல்வரை பின்னோக்கி வந்தால் திசையும் தப்பாது, போட்ட பாதத்தை மிதிக்கவும் நேராது. வாசலில்தான் தொடங்க வேண்டும் என்பவர்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து போடலாம்.

வலது கை முஷ்டியின் சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்து ஒற்றினால் வலது பாதம் விழும், இடது முஷ்டிக்கு இடது பாதம். உள்வளைவு இருக்கிற பக்கம் கட்டை விரல். இதைக் கவனிக்காமல் எல்லாப் பாதத்தையும் ஒரே கையால் ஒற்றினால் ஒற்றைக்காலில் தாவிவந்த மாதிரி இருக்கும். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்த மாவு தோசைமாவுப் பதத்தில் இருக்கட்டும். அதைவிட நீர்த்தால் டைல்ஸ் தரையில் ஓடிப் பாதம் பரவிவிடும்.

இனி சீடை. இந்தப் பண்டிகையில் கையும் முகமும் சுடுவது இதனால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எண்ணெயில் விழுந்ததும் சீடையின் மேல்தோல் இறுகிவிடுகிறது. உள்ளே ஈரமோ காற்றோ இருந்தால் ஆவியாகி விரிந்து, வெளியேற வழியில்லாமல் தோலைப் பிளந்துகொண்டு தெறிக்கிறது. வழக்கமான காரணங்கள் எல்லாம் இதில் வந்து முடிபவைதான்.

பச்சரிசியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, தொட்டால் லேசாக ஈரம் தெரியும்போது அரையுங்கள். மாவை வாணலியில் மிதமான சூட்டில், எடுத்துக் கோலம் இழுத்தால் தடையில்லாமல் விழும் பதம்வரை வறுக்க வேண்டும். வறுக்காவிட்டால் ஈரம் நிற்கும், சிவக்க வறுத்தால் சீடை கல்லாகும். உளுந்தைப் பொன்னிறமாக வறுத்து அரைத்து, இரண்டு மாவையும் தனித்தனியே இரண்டு முறை சலியுங்கள். சல்லடையைத் தப்பி வரும் ஒரு குருணை போதும், சீடை வெடிக்க. எள்ளில் மண் இருக்கக் கூடாது. தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்துச் சேர்க்க வேண்டும். கல் உப்பை நேராகப் போடாமல் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள்.

ஒரு கப் அரிசி மாவுக்கு உளுத்தம் மாவும் வெண்ணெயும் தலா ஒரு மேசைக்கரண்டி. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் கரைந்து உதிரும், உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அழுத்தி வழவழப்பாக உருட்டுவதுதான் பலரும் செய்கிற பெரிய தப்பு. சுண்டைக்காய் அளவில் லேசாக உருட்டுங்கள், மேலே கீறல் இருந்தால் நல்லது, ஆவி அதன் வழியாகப் போய்விடும். துணியில் கால் மணி நேரம் உலரவிட்டு, முதலில் இரண்டு மூன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். வெடித்தால் மீதியை ஊசியால் குத்தியோ, மாவை உதிர்த்து மீண்டும் சலித்தோதான் தொடர வேண்டும். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடலாம். குழந்தைகளை அடுப்பங்கரைக்குள் விடாதீர்கள்.

வெல்லச் சீடையில் பிரச்சினை வேறு. ஒரு கப் மாவுக்கு முக்கால் கப்புக்கு மேல் வெல்லம் போனால் எண்ணெயில் பிரிந்துவிடும். பாகு கம்பிப் பதத்துக்குப் போனால் பல் உடையும். கரைத்து வடிகட்டி ஒரு கொதி வந்தால் போதும். தீ சிறியதாக இருக்கட்டும், வெல்லம் சீக்கிரம் கருகும்.

நைவேத்தியத்துக்கு முன் ருசி பார்ப்பதில்லை என்பதால் உப்பைக் கைக்கணக்கில் போடாமல் அளந்து போடுங்கள்: கப்புக்கு முக்கால் தேக்கரண்டி. கெட்டி அவலை ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஊறவிட்டால் குழைந்துவிடும். மெல்லிய அவலுக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். தயிரையும் மோரையும் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறும். மண்சட்டியோ வெள்ளிக் கிண்ணமோ நல்லது. பட்சண வகை குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம், வெண்ணெயும் அவலும் இருந்தாலே பூஜை நிறைவுதான். பிரசவித்த தேவகிக்கென்று சுக்கும் வெல்லமும் வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அதை மறந்துவிடாதீர்கள்.

தவழும் கிருஷ்ணன் விக்கிரகத்துக்குப் பால், தேன் அபிஷேகம் செய்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, இடுக்குகளில் ஈரம் தங்காமல் துடைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் பச்சை படரும்.

முழு விரதம் இருப்பவர்கள் பாரணைக்கான, அதாவது விரதத்தை முடித்துச் சாப்பிடுவதற்கான நேரத்தைப் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். திதியும் நட்சத்திரமும் முடிந்த பிறகு மறுநாள் பாரணை செய்வதே முறை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை. பாலும் பழமும் எடுத்துக்கொண்டே விரதம் இருக்கலாம்.